தாண்டிப் போன சிப்பாய்

சமயநல்லூரில் ஏறிய இருவரும் என் முன்சீட்டில் ஒரே போனை மாற்றி மாற்றி வாங்கி செஸ் ஆடிக்கொண்டு வந்தார்கள். விளாங்குடி தாண்டியதும் மீசைக்கார மாமா போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“யோவ் மாப்ள, என் சிப்பாயை எங்கய்யா?”

“நாந்தேன் வெட்டுனேன் மாமா.”

“அது ஒன் சிப்பாய்க்குப் பக்கத்துலல்ல நின்னுச்சு? சிப்பாய் மூலைக்கு மூலைதானய்யா வெட்டும்?”

“ஒரு கட்டம் வச்சிருந்தா அப்படித்தேன் வெட்டிருப்பேன். நீங்க ரெண்டு கட்டம் தாவி என்னைத் தாண்டிட்டீக. தாண்டுனா, ஒரு கட்டம் வச்சதா நெனச்சு வெட்டிக்கிறலாம். ரூல்ஸ் இருக்கு.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப ஒன் பெரியப்பன் மகன், கல்யாணப் பத்திரிகையோட எங்க தெருவுக்கு வந்து, என் வீட்டை மட்டும் தாண்டிப் போனானே, அவனையும் வெட்டலாம்ல?”

“எப்ப தாண்டுனாரு?”

“போன வருசம்.”

“அது முடியாது மாமா. தாண்டுன ஒடனே, அடுத்த மூவ்லயே வெட்டணும். விட்டா விட்டதுதேன்.”

மாமா போனை மாப்பிள்ளையின் மடியில் போட்டார்.

“அப்ப இன்னைக்கு அவன் வீட்டுக் காதுகுத்துல நான் கை நனைச்சுத்தேன் ஆகணுமா?”

“கறிச்சோறு மாமா.”

“ரூல்ஸ்னா சரி,” என்ற மாமா, போனைப் பிடுங்கி வீட்டுக்கு அடித்தார்.

“ஏத்தா, நீ வாசலை விட்டு நகராத. எவனாச்சும் பத்திரிகையோட நம்ம வீட்டைத் தாண்டுனா, ஒடனே எனக்குப் போனைப் போடு. லேட்டானா வெட்ட முடியாதாம்.”