சுண்ணாம்புச் சுரங்கத்து வழிகாட்டி பரமானந்தம் அவர்களுக்குப் பிரியாவிடை மடல்

வெண்பாறையின் வயிற்றுக்குள் விளக்கேந்தி நடந்த வித்தகரே! காங்கேசன்துறைக் கல்லோடும் ஜூட்லாந்துக் கல்லோடும் கைகோத்து வாழ்ந்த கண்ணியரே! எங்கள் பாசத்துக்குரிய பரமானந்தம் அண்ணையே! வணக்கம்.

இதற்குமேல் நேரே விளித்தால் அண்ணை எழும்பிப் போய்விடுவார். "முகத்துக்கு முன்னாலை புகழாதேங்கோ, எனக்குக் கூச்சமாக் கிடக்கு" என்று நேற்றே சொல்லிவிட்டார். ஆகவே அவரைப் பற்றிச் சபைக்குச் சொல்கிறோம். அவர் தேநீரைக் குடித்தபடி கேட்காதவர்போல் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலைக்குக் கல்லுடைத்த குவாரியில் மேற்பார்வையாளராய் இருந்தவர், நடுவயது கடந்து அகதியாய் வந்து, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் குடியேறி, இந்த இயற்கைப் பூங்காவின் பழைய சுரங்கத்தில் எட்டாண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறுகிறார். கடலுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து பாறையான கதையையும், கூன்விழக் குனிந்து சுண்ணாம்பு வெட்டிய ஏழைத் தொழிலாளரின் கதையையும், பாதி டேனிஷும் பாதிக் கையசைவுமாய் அவர் சொல்ல, வந்தவர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். மாரிக்குளிரில் உறங்கவரும் வௌவால்களுக்காகத் தன் தும்மலையும் அடக்கிய தயாளர் அவர்! சுரங்கத்துக் குளிரில் பழுக்க வைத்திருக்கும் சீஸின் நாற்றத்தை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஊரிலிருந்த துணைவியார் தங்கமலர் அக்கா வந்ததும் முதலில் இங்கேதான் கூட்டிவருவேன் என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். "அவவுக்குக் குளிர் ஒத்துவராது. எண்டாலும் இதைக் காட்டாமல் விடமாட்டன்" என்பார்.

குடும்பங்களை அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம் அது. பின்னாளில் நாடே அதைத் தமிழர் வழக்கு என்று பேசியது. நீதியமைச்சரே சட்டத்தை மீறி அவற்றை முடக்கிவைத்தது வெளிவந்து, இந்த ஆண்டு தையில் அரசே பதவி விலகியது. யார் விலகி என்ன? கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்த அக்கா காய்ச்சலில் கண்மூடினார். அதன்பிறகுதான் அனுமதி வந்தது.

சாவுச் செய்தி கிடைத்த அன்றும் அண்ணை வேலைக்கு வந்தார். விளக்கை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவரை பூங்கா உணவகத்தில் எங்களோடு வேலைசெய்யும் யோகம்மா மறித்து, "இண்டைக்கு வேண்டாம் அண்ணை, வீட்டை போங்கோ" என்று அழுதார். "உள்ளுக்கை போனா ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கமாட்டினம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, வந்திருந்தவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

இத்தகைய மடலின் முடிவில் துணைவியாரோடு பல்லாண்டு வாழ்க என்று எழுதுவது வழமை. அந்த இடத்தில் எங்கள் பேனா நின்றுவிட்டது. வரியை விடுவதா, வைப்பதா என்று கேட்டுவர யோகம்மாவையே அனுப்பினோம். அண்ணை, "அவவின்ர பேரையும் போடுங்கோ. வரச்சொல்லி ஆரும் நேரத்துக்குச் சொல்லேல்லை. நீங்களாவது சொல்லுங்கோ" என்றாராம்.

பிந்திப்போனதுதான், மன்னியுங்கள். என்றாலும் சபையறியச் சொல்கிறோம்.

உடல்நலமும் மனநிறைவும் குன்றாமல் நெடுங்காலம் இருங்கள், பரமானந்தம் அண்ணை!

டென்மார்க்குக்கு உங்கள் வரவு நல்வரவாகுக, தங்கமலர் அக்கா!

இங்ஙனம்,
சுரங்கப் பூங்காவின் தமிழ்ப் பணியாளர்கள்
ஜூட்லாந்து, 1993 ஆவணி