பன்னிரண்டு முடியட்டும்

— கதவையே முறைச்சுப் பாத்தா சீக்கிரம் திறந்துடுமா, லோர்னா? வந்து உக்காரு.

— உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. உள்ள அந்த ஜட்ஜ் அவகிட்ட இவ்வளவு நேரம் என்னதான் கேக்குறாரு?

— ஒரே கேள்விதான். ரஸ்ஸல் கிம்பலும் லோர்னா கிம்பலும் உன்னைத் தத்தெடுக்க உனக்குச் சம்மதமா? அவ்வளவுதான். பன்னிரண்டு முடிஞ்ச பிள்ளைன்னா தனியாக் கூப்பிட்டுக் கேட்டாகணும். சட்டம்.

— சட்டத்தை எனக்கே சொல்றியா? பத்து வயசுல எடுத்திருந்தா கேக்கவே வேண்டியதில்ல. நான் சொன்னேனா இல்லையா?

— ஆரம்பிச்சிட்டியா?

— சொன்னேனா இல்லையா?

— சொன்னே தாயே, சொன்னே. சொல்லிட்டு மறுநாளே கடையில பாலைக் கையில எடுக்குறதும் வைக்கிறதுமா நின்னவளும் நீதான். எனக்கு அப்ப மில்லுல வேலை போயிருந்தது. மறந்துட்டியா? தத்தெடுத்த அன்னிக்கே அவளை வளர்க்க அரசாங்கம் நமக்குத் தர்ற மாசப் பணம் நின்னுடும். மருத்துவ அட்டையும் போயிடும். அவ பல்லுக்கு மாட்டியிருக்கிற கம்பி யார் காசு? அந்த அட்டையோட காசு.

— கம்பியைக் கழட்டிட்டு கோணப் பல்லோட எனக்கு மகளா இருந்திருப்பா. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது.

— பேசுறது சுலபம். பன்னிரண்டு முடிஞ்சாத்தான் இந்தப் பிள்ளைக்கு வீடு கிடைக்கிறது கஷ்டம்னு நம்ம கவுண்டி, இந்த மாவட்ட நிர்வாகம், ஒத்துக்குது. அப்பத்தான் தத்தெடுத்த பிறகும் பணம் தருது. இதை நானா எழுதினேன்?

— ஆத்துக்கு அந்தப் பக்கம் உன் தங்கச்சி பெவர்லி ஆறு வயசுப் பையனை எடுத்தா. மொத மாசத்துலேருந்து அவங்க கவுண்டி கொடுக்குது. நம்மளவிட கூடவே கொடுக்குது. அந்தப் பையனுக்கு என்ன, ரெட்டைப் பசியா பசிக்குது?

— அதனாலதான் பாலத்தைத் தாண்டி வீட்டை மாத்திடலாம்னு பாத்தேன்.

— மாத்தினா மட்டும்? நீ எங்க குடியிருந்தாலும் பிள்ளை எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டிக் கணக்குதான்னு அந்தக் கவுண்டி ஆபீஸ்காரி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லலை? இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்குல விட்டுட்டுப் போனாளே அவளைப் பெத்தவ, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி ஆத்தைத் தாண்டி விட்டிருக்கக் கூடாதா? அதுதான் என் பிள்ளை செஞ்ச பாவம்.

— மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும். நீ மொதல்ல அந்த டையை அவுத்துத் தொலை. சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கே.

— எங்கிட்ட இருக்கிறது ஒரு டைதான். சாவுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். விடு. அங்க பாரு, அந்தச் சின்னப் பயலை. கரடி பொம்மையைக் கட்டிப்பிடிச்சுகிட்டு வர்றான்.

— எவ்வளவு பெரிய பொம்மை! ஜட்ஜ் கொடுத்ததா?

— ஆமா. இன்னிக்கித் தத்துப் போற பிள்ளைங்க எல்லாருக்கும் ஒண்ணு உண்டாம். நம்ம டெல்லா வாங்கிக்குவாளா? பெரிய மனுஷி ஆயிட்டாளே.

— வாங்கிக்குவா. ராத்திரி யாருக்கும் தெரியாம கட்டிக்கிட்டுத் தூங்குவா. எனக்குத் தெரியாதா அவளை? ரஸ்ஸல், கேக்கை வண்டியில வெயில்லயா வச்சே?

— சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன். 'டெல்லா கிம்பல்'னு எழுதினது அப்படியே இருக்கு, உருகலை. சர்ச்சுல எல்லாரும் காத்துகிட்டு இருக்காங்க. சிரி கொஞ்சம்.

— உள்ள அவ என்ன சொல்றாளோ.

— ஏன்? அவ வேண்டாம்னா சொல்லிடப் போறா? கிறிஸ்துமஸ் வந்தா அவதானே கேப்பா, இந்த வருஷமாவது நான் கிம்பல் ஆயிடுவேனான்னு.

— கேப்பா. நாமளும் 'பாசம் இல்லாம இல்ல கண்ணு, காகிதம்தான் மெதுவா நகருது'ன்னு வாய் கூசாம சொல்லுவோம். போன கிறிஸ்துமஸுக்கு அவ கேக்கலை, கவனிச்சியா? அதுக்கு முந்தின வருஷமும் கேக்கலை.

— புரிஞ்சிருக்கும். புத்திசாலிப் பிள்ளை.

— அந்த வருஷம் ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு பெவர்லி வீட்டு விருந்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான். அந்த வாரம் சரியாச் சாப்பிடக்கூட இல்ல. வயித்துல ஏதோ கிருமின்னு டாக்டர் சொன்னாரே. ரஸ்ஸல், அங்க அடுப்புப் பக்கம் நின்னுகிட்டு பெவர்லிகிட்ட நீ ஏதாவது உளறினியா?

— நான் என்ன உளறினேன்? அவதான் அவங்க கவுண்டிப் பெருமையை அளந்துகிட்டு இருந்தா. நான் சும்மா... பன்னிரண்டு முடியட்டும், அதுவரைக்கும் இழுத்துப் பிடிப்போம்னேன். பிள்ளைங்க எல்லாம் தோட்டத்துலதானே இருந்தாங்க!

— கடவுளே. அன்னிக்கி உனக்கு ரொட்டித் தட்டைக் கொண்டு வந்து கொடுத்தது யாரு?

— ஷ்ஷ். கதவு திறக்குது. வர்றா, வர்றா. கண்ணைத் துடைச்சுக்கோ. டெல்லா! வா ராஜாத்தி, முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. ஜட்ஜ் நல்லவரு, லோர்னா. மிட்டாய் கொடுத்தாரு. உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்.

— மிட்டாய் இருக்கட்டும் கண்ணு. கரடி பொம்மை எங்க?

— அது இன்னிக்கித் தத்துப் போற பிள்ளைங்களுக்காம்.

— அப்படின்னா... டெல்லா, ஜட்ஜ்கிட்ட நீ என்ன சொன்னே?

— இப்ப வேண்டாம்னு சொன்னேன், ரஸ்ஸல். பதினாறு முடியட்டும்னு.

— பதினாறா? என்ன விளையாட்டு இது?

— விளையாட்டு இல்ல. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட கேட்டேன். நம்ம கவுண்டியில பதினாறுக்கு மேல தத்துப் போனா காலேஜுக்குப் பணம் உண்டு. அதுக்கு முன்னாடி போனா கிடையாது. பெவர்லி கவுண்டியில எந்த வயசுன்னாலும் உண்டாம். நாமதான் ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கோமே.

— காலேஜா? உனக்கு யாருடி அதைப் பத்தியெல்லாம்...

— அதுவரைக்கும் நான் உங்க வீட்டுலதான் இருப்பேன். மாசப் பணமும் உங்களுக்கு வந்துகிட்டே இருக்கும். யாருக்கும் நஷ்டமில்ல.

— நஷ்டமில்லையா! டெல்லா, நான் அனுப்புறேன் உன்னைக் காலேஜுக்கு. வண்டியை வித்தாவது அனுப்புறேன். உள்ள போய் ஜட்ஜ்கிட்ட சொல்லு. போம்மா, இன்னும் அவரு எழுந்திருக்கலை.

— விருந்துக்குப் போயிட்டு வந்த வாரம் நான் பாதித் தட்டுதான் சாப்பிட்டேன், ரஸ்ஸல். செலவு குறைஞ்சா பன்னிரண்டு வரைக்கும் காத்திருக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க கிருமின்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க.

— ஐயோ, என் கண்ணு... இங்க பாரு, என்னைப் பாரு. நாங்க உன்னை வேண்டாம்னு நினைச்சதே இல்லம்மா. ஒரு நாள்கூட.

— தெரியும் லோர்னா. அழாதீங்க. எனக்கும் உங்க மேல பாசம் இல்லாம இல்ல. காகிதம்தான் மெதுவா நகருது.