தெரியாத நபரின் நான்கு கீறல்கள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மா ஹுஸ்னா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரியாதவனுக்கு ஒரு காரின்மேல் என்ன பகை இருக்க முடியும்? அறுபத்து நான்கு வயதில் இன்னமும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவன் நான். இந்தப் பசுந்தாங் பேட்டையிலிருந்து எல்லா இடத்துக்கும் பஸ் உண்டு. வருமா என்பது வேறு விஷயம்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். ராபர்ட் இருந்தால் இதைவிட நன்றாகக் கலந்திருப்பான். பூசைக்குப் போயிருக்கிறான். நான் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவனுக்கு இப்போதெல்லாம் பக்தி வந்துவிடுகிறது.

நீங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர். நான் அதே கம்பெனியின் பழைய ஏஜென்ட். ஆகவே நமக்குள் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. ராபர்ட்டின் வெள்ளை ப்ரோபாக்ஸ் காருக்கு பாலிசி விற்றவனே நான்தான். அப்போது அவன் கேட்டான்: "தெருவுல சும்மா நிக்கிற வண்டியை எவன்டா தொடப் போறான்?"

"ஓடுற வண்டியை இடிச்சவன் யாருன்னு தெரிஞ்சிடும். நிக்கிற வண்டிக்குத்தான் ஆபத்து. செஞ்சவன் யாருன்னே தெரியாது" என்றேன்.

அதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். முன்கண்ணாடிக்குத் தனியாக ஒரு சேர்க்கை உண்டு. அதையும் எடுக்க வைத்தேன். ஒரு ஏஜென்ட் இவ்வளவு அக்கறை காட்டுவது எப்போதுமே அபூர்வம்.

அவன் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. முப்பத்தோரு வருஷம் ஒரே படிக்கட்டு. இருவருமே மனைவியை அடக்கம் செய்தவர்கள். இதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை. உங்கள் படிவம் கேட்கிறது, சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் டீக்கடைக்குப் போய்க் குட்டி ஸ்டூலில் உட்காருவோம். நான் ஏதாவது சொல்வேன், அவன் அது தப்பு என்பான். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருஷம் அவன் மகள் சாரா பெர்த்திலிருந்து போன் செய்தாள். தலைப்பிரசவம். அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும், வந்தால் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்றாள். டிக்கெட்டை அவளே வாங்கி அனுப்பத் தயாராக இருந்தாள். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. "மக காசுல மக வீட்டுக்குப் போய் நிக்கிறது மரியாதை இல்லடா" என்றான். காரை விற்று அந்தக் காசில் பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேர்வது என்று முடிவு செய்தான். வீட்டுக்காரரிடம் வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டான். நல்ல முடிவு என்று நான் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். டீக்கடையில் அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

காரைப் பார்க்க முதலில் வருவதாகச் சொன்னவர் தாமுவேயில் இருக்கிற பர்கத்துல்லா. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. நான் சனிக்கிழமை மத்தியானம் கீறினேன்.

நேரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். நான் தேர்ந்தெடுக்கவில்லை, கரண்டுதான் தேர்ந்தெடுத்தது. எங்கள் தெருவில் கரண்டு வந்தால் "மீ லாப்பீ" என்று பர்மிய மொழியில் ஒரு கூச்சல் கிளம்பும். உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். உடனே டீக்கடைக்காரனிலிருந்து சைக்கிள் ரிக்ஷாக்காரன்வரை எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். தண்ணீர் மோட்டார் போட வேண்டும், பேட்டரி ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும். பட்டப்பகலில் கால்மணி நேரம் தெருவில் நாயைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மேலே போகாமல் கீழே போனவன் நான் ஒருவன்.

மாதா கோவிலில் பாட்டுப் புத்தக அலமாரியின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தினேன். பின்கதவில் ஒரு முழ நீளம், நேர்கோடாக.

அதற்குப் பிறகு நடந்த எல்லாம் சட்டப்படி நடந்தது. நிறுத்தி வைத்த காரை யாரோ வேண்டுமென்றே சேதம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெருவில் எனக்குத்தான் தெரியும். கழுவக் கூடாது. இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. உங்கள் ஆள் வந்து படம் எடுத்து, கம்பெனி முடிவு சொல்லும்வரை விற்கவும் கூடாது. வார்டு அலுவலகத்தில் ஒரு கடிதம், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கடிதம். படிவத்தில் 'சேதம் செய்தவர் யார்' என்ற இடத்தில் 'தெரியாத நபர்' என்று நான்தான் எழுதினேன், ராபர்ட் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால். அது பொய் என்று சொல்லிவிடாதீர்கள். மனிதன் தன்னை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறான்?

பர்கத்துல்லா ஞாயிற்றுக்கிழமை வந்தார், காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "அண்ணே, இந்த வண்டிக்கு யாரோ வேண்டாதவன் இருக்கான். தீர்த்துட்டுச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

கம்பெனி மூன்று வாரத்தில் பணம் தந்தது. கதவு புதுப் பெயின்டில் பளபளத்தது. பழைய கதவைவிட நன்றாகவே இருந்தது. அந்த வகையில் ராபர்ட்டுக்கு நான் லாபம்தான் செய்தேன். இரண்டாவது ஆள் இன்சீனிலிருந்து விநாயகமூர்த்தி. அவர் வருவதற்கு முந்தின நாள் கரண்டு வந்தபோது மறுபக்கம் கீறினேன். அதே கதவில் கீறினால் பழைய சேதம் என்று கம்பெனி தள்ளிவிடும். ராபர்ட்டுக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதில் நான் கடைசிவரை கவனமாக இருந்தேன்.

அன்று ராபர்ட் காரின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான். "ஏன்டா அகஸ்டின், இத்தனை வண்டி நிக்குது, என் வண்டியை மட்டும் தேடி வர்றான் பாரு. நான் யாருக்கு என்னடா பண்ணினேன்?"

"அழகான வண்டிடா அது" என்றேன்.

"உன் மூஞ்சி."

வெற்றிலைக் கடை கணேஷ்குமார் விஷயத்தில் என்மேல் தவறு இருப்பதாக நீங்கள் நினைக்கலாம். ராபர்ட்டின் கார் நிற்கிற இடம் அவர் கடைக்கு எதிரே. காரின் மேல் பட்டுத் திரும்பும் வெயில் நேரே அவர் முகத்தில் அடிக்கும். அதனால் இருவருக்கும் வாய்த்தகராறு உண்டு. வார்டு அலுவலகத்தில் யாராவது மேல் சந்தேகமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் அவர் பெயரைச் சொல்லவே இல்லை. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர்களாகவே அவரைக் கடையோடு தெருமுனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வியாபாரம் பாதியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து வெற்றிலையைத் தெருமுனை வரை நடந்துபோய் அவரிடம்தான் வாங்குகிறேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

இதற்குள் ராபர்ட் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி வந்துவிட்டது. பெட்டியோடு படிக்கட்டில் நின்றான். ஒரு மாடி இறங்கி என் வீட்டுக்கு வந்தான். முன்னறையில் தங்கினான். காலையில் அவன் இருமுகிற சத்தத்தில் நான் எழுந்துகொள்வேன். முட்டையை எப்படி வேக வைக்க வேண்டும் என்று ஆறு வருஷத்துக்குப் பிறகு என்னைத் திட்ட ஒரு ஆள் வீட்டில் இருந்தது. இடைஞ்சல்தான். பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, பின்விளக்கும் பக்கக் கண்ணாடியும். அதை நீட்ட வேண்டாம். உங்களிடம் படம் இருக்கிறது. அந்த வாரம் சாராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கஷ்டப்பட்டாள். பிறகு தேறிவிட்டாள். எங்கள் கட்டிடத்தில் நடுப் படிக்கட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். ராபர்ட் இரண்டு நாளும் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் குழந்தையைக் காட்டினார்கள். ராபர்ட் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். போனில் ஒன்றும் அழுக்கில்லை. குழந்தை நன்றாகத்தான் தெரிந்தது.

எல்லாம் இத்தோடு நின்றிருக்கும். பர்கத்துல்லா திரும்பி வந்ததுதான் பிசகு. "அண்ணே, கீறல் இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எடுத்துக்கிறேன். கம்பெனி படம் எடுத்ததும் கூப்பிடுங்க" என்றார். இப்படி ஒரு ஆள் வருவார் என்று யார் எதிர்பார்ப்பது? கீறலுக்குக் கவலைப்படாதவரிடம் கீறிப் பயனில்லை. அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்கண்ணாடி இரண்டாம் அடியில் உடைந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: பாலிசியில் இல்லாத எதையும் நான் தொடவில்லை. ரேடியோ ஆன்டெனா அப்படியே நிற்கிறது.

பிடிபட்டது கணேஷ்குமாரால். பழைய இடத்தில் கடை இருந்தபோது கரண்டு வந்ததும் அவரும் எதிர்க் கட்டிடத்து மாடிக்கு ஓடிவிடுவார். தெருமுனையிலிருந்து வீட்டுக்கு ஓடினால் திரும்புவதற்குள் கடையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கேயே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரிகிற இடம். குழவியோடு நான் திரும்பினபோது கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒரு வெற்றிலை மடித்து நீட்டினார். "சாப்பிடுங்க அண்ணே. களைப்பா இருப்பீங்க" என்றார். மறுநாள் உங்களுக்கு போன் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ராபர்ட்டுக்கும் அவரே சொன்னார். அவன் மேலே வந்து செருப்பைக் கழற்றி, முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்தான். ஏதாவது கேட்பான் என்று நான் நின்றேன். "அவ ரெண்டு நாள் கத்திக்கிட்டு இருந்தாடா" என்றான். மூன்று நாளாகப் பேச்சு இல்லை. ஆனால் சாப்பிடுகிறான். முட்டை சரியில்லை என்று சொல்வதில்லை, அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தெளிவாகவே சொன்னீர்கள். செய்தது நான் என்று ஆகிவிட்டது. நான் ராபர்ட்டுக்கு வெளியாள் என்றால் கம்பெனி அவனுக்குக் கண்ணாடிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து வசூல் செய்யும், போலீசுக்கும் போகும். பணம் வந்தால் கண்ணாடி, கண்ணாடி போட்டால் பர்கத்துல்லா, பர்கத்துல்லா வந்தால் டிக்கெட். ராபர்ட் அடுத்த வாரமே பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பான். ஆனால் சேதம் செய்தவன் ஒரே வீட்டில் வசிக்கிற சொந்தக்காரன் என்றால் பாலிசி செல்லாது, ஒரு காசு வராது. அந்த ஷரத்து எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் படித்துக் காட்டித்தான் பாலிசி விற்றேன்.

அப்புறம் நீங்கள் பையிலிருந்து அந்த நகலை எடுத்து வைத்தீர்கள். வார்டு அலுவலகத்து விருந்தாளிப் பட்டியல். வெளியாள் யார் வீட்டில் தங்கினாலும் அதில் பதிய வேண்டும். ராபர்ட் என் வீட்டுக்கு வந்த அன்று நானே போய்ப் பதிந்தது. பெயர் ராபர்ட், வயது அறுபத்தாறு. உறவு என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், 'அண்ணன்'.

நண்பன் என்று சொன்னால் எத்தனை நாள் என்று கேட்பார்கள், மா ஹுஸ்னா. அண்ணன் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

நீங்கள் நல்ல பெண். பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "அங்கிள், அது சும்மா எழுதினது, அவர் எனக்கு உறவு இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன். ராபர்ட் அங்கிள் போயிடட்டும். பாவம் அவரு."

பாவம்தான். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நான்கு சேதமும் நான் செய்ததுதான். சாவியையும் குழவியையும் எடுத்துப் போங்கள். கணேஷ்குமாரைப் பழைய இடத்திலேயே கடை போடச் சொல்லுங்கள். ஜெயில் என்றாலும் வருகிறேன்.

அந்த ஒரு வரியை மட்டும் கேட்காதீர்கள். அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதை மாற்றி எழுதுவது குற்றம். எனக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாது.