செவப்பு ரிப்பன்

அந்த வளைவுலதாண்ணே மயிலுங்கிற குதிரை விழுந்துச்சு. ஆமா, தைலமரக்காடு முடியுதுல்ல, அங்கிட்டு. தடுக்கியெல்லாம் விழுகல. பின்னங்கால் ரெண்டும் வெறைச்சு, நின்ன எடத்துலயே சாஞ்சிருச்சு. அத ஓட்டிட்டு வந்த புவனேஸ்வரி அக்காவோட எடது காலு அடியில மாட்டிக்கிச்சு. போனு தெறிச்சுப் போய்க் கெடக்கு, கை எட்டல.

போன வருசம்ணே, இதே நெடுந்தூரக் குதிரை ரைடு. நீங்க பாதை எப்படின்னு கேட்டீங்கன்னு சொல்றேன். புதுசா வர்றவங்கள வரவேற்கத்தான் என்னைய இங்க ஒக்கார வச்சிருக்காங்க, நான் பாருங்க, வந்ததும் வராததுமா இதப் பேசிக்கிட்டு. இருங்க, டைப் பண்ணிக்கிறேன். பேரு? சோலையப்பன். குதிரை பேரு? கறுப்பனா! சூப்பர்ண்ணே, என்னா கண்ணு!

அக்காவும் ஒங்கள மாதிரி மொதத் தடவ. அவங்க வீட்டுக்காரரு குவைத்துல. வண்டியில பூட்டிக்கிட்டு இருந்த குதிரைய வாங்கி, ஆறு மாசம் தெனம் ஓட்டிப் பழக்கி, இங்க வல்லத்திராக்கோட்டைக்கு நடத்தியே கூட்டிட்டு வந்தாங்க. மயிலு மேல கோழி ஏறி ஒக்காருமாம். அவங்க மக அது வயித்துக்கடியில பூந்து வெளாடுமாம். அவ்ளோ சாது.

ஆனா பதினோரு குதிரை தாண்டிப் போச்சுண்ணே. அக்கா மண்ணுல கெடந்துக்கிட்டே எண்ணிருக்காங்க. பதினொண்ணு. ஒருத்தர் எறங்கல. எல்லாரும் அந்த ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்க.

ஏன்னா வாலுல செவப்பு ரிப்பன். செவப்புன்னா உதைக்கிற குதிரை, கிட்ட வராதேன்னு அர்த்தமாம். பச்சைன்னா புதுசு, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு அர்த்தமாம். ரூல்ஸ்ல இருக்குதாம். ரூல்ஸ் எங்க இருக்கு? வாட்ஸப் குரூப்புல, முழுக்க இங்கிலீஷ்ல, பதினாலாவது பக்கத்துல. அக்கா எட்டாவது வரைக்கும் படிச்சவங்கண்ணே.

காலையில கெளம்புற எடத்துலயே ஒரு ஆளு பக்கத்துல நிக்கல. தண்ணித் தொட்டிக்கு இவங்க போனா மத்தவங்க அவங்கவங்க குதிரைய இழுத்துக்கிட்டு விலகிட்டாங்க. தனியா நின்னா மயிலு குடிக்காது, கூட ரெண்டு குதிரை வாய வச்சாத்தான் குடிக்கும். அக்காவுக்குக் கூசிப்போச்சு. வண்டிக் குதிரையோட வந்துட்டோம்னு எளக்காரமா நெனைக்கிறாங்க போலன்னு, தண்ணி காட்டாமயே நகந்துட்டாங்க. அந்த வெயில்ல. அப்பறம் கால் வெறைக்காம என்ன செய்யும்?

ரகுநாத் சாரத் தெரியுமா? மைக்ல பேசுவாருல்ல, புதுசா வர்றவங்க நம்ம குடும்பம்னு. அவரும் அன்னைக்கு ஓட்டுனாரு, அவருதான் அங்க கொஞ்சம் நிறுத்துனாரு. குதிரைய விட்டு எறங்காமயே, கீரமங்கலம் செக்பாயிண்ட்ல குதிரை டாக்டர்கிட்ட சொல்றேம்மான்னாரு. போனாரு. அங்க இருவது நிமிசத்துக்குள்ள குதிரையோட பல்ஸ் அறுவத்தி நாலுக்கு எறங்கணும், இல்லன்னா போட்டிய விட்டு வெளிய அனுப்பிருவாங்க. அதனால மொதல்ல அவரு குதிரைக்குத் தண்ணி ஊத்துனாரு. நடக்க வச்சாரு. பல்ஸ் பாத்து பாஸ் ஆனாரு. அதுக்கப்பறம்தான் டாக்டர்கிட்ட சொன்னாரு. இருவது நிமிசம்ணே! டாக்டரு வரும்போது மயிலு வாயில நொரை தள்ளிக் கெடக்கு. ஊசி போட்டும் பிரயோசனமில்ல.

காலா? அக்காவுக்குக் கம்பி வச்சிருக்கு. நடக்குறாங்க. ஓட்டுறதில்ல.

நெஞ்சுல மாட்டிக்கிற நம்பர் பதினேழு, இந்தாங்க. கயித்தச் சுருக்கிப் புடிங்க, வாலுகிட்டதான் நிக்கிறேன்.

அந்த ரிப்பனா? அதத்தான் கமிட்டியில கேட்டாங்க, செவப்பக் கட்டுனது யாருன்னு. அக்கா கக்கத்துல கட்டைய ஊனிக்கிட்டு வந்து நின்னு, எங்க ஆத்தா திருஷ்டிக்குக் கட்டி விட்டுச்சுங்கன்னாங்க. அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்கண்ணே. ரகுநாத் சாரு, பாத்தீங்களா, இப்படி விவரம் தெரியாம வந்தா நாங்க என்ன பண்றதுன்னு மைக்லயே சொன்னாரு. குதிரையையும் பறிகுடுத்துட்டு, பேச்சும் வாங்கிக்கிட்டுப் போனாங்க.

திருஷ்டி ரிப்பன் இல்லண்ணே அது.

அன்னைக்கும் இதே மேசையிலதான் ஒக்காந்திருந்தேன். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, கல்யாண வீடு மாதிரி எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். எனக்கும் அதான் மொத ரைடு, அம்புட்டு ஆசை. ரகுநாத் சாரு போன் பேசிக்கிட்டே போறப்ப, சத்யா, புதுக்குதிரைக்கு ரிப்பன் கட்டிரும்மான்னாரு. டப்பாவுல ரெண்டு கலர் கெடந்துச்சு. எதுன்னு அவரு சொல்லல, நான் கேக்கல. வர்றவங்களுக்கு மங்களமா இருக்கட்டும்னு செவப்ப எடுத்து, பூ மாதிரி முடிச்சுப் போட்டு, மயிலுகூட செல்பியும் எடுத்தேன்.

கமிட்டியில அக்கா என்னையப் பாத்துக்கிட்டேதாண்ணே ஆத்தா கட்டுச்சுன்னு சொன்னாங்க. நான் மைக் வயரச் சுருட்டிக்கிட்டு நின்னேன்.

கட்டியாச்சு, பச்சைதான், நீங்களே வந்து பாருங்க. ஏண்ணே, ஒங்களுக்கு இப்படி ஆயிருக்கா? நீங்க செஞ்சத இன்னொருத்தவங்க தன் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறப்ப, வாயே தொறக்காம நின்னுருக்கீங்களா?