வலப்பக்கக் கண்

இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் காலி மீன்கூடை வைத்திருந்தவள் சலிப்போடு ஆரம்பித்தாள்.

"நாக்குமீனுக்க ரெண்டு கண்ணும் இடப்பக்கம்தான் இருக்குமாம். வலப்பக்கம் கண்ணுள்ளது கிட்டினா வெட்டாதம்மான்னு மவ எப்பவும் சொல்லுவா. காலேஜில அவளுக்கு அந்த மீன்லதானே ஆராய்ச்சி."

"கிட்டிச்சா?"

"நேத்து கிட்டிச்சு. கால் கடுக்க நின்னு வித்துட்டு வந்த அசதி. கைப்பழக்கத்துல வெட்டி, தோலை உரிச்சுக் குழம்பில போட்டுட்டேன். பொறவுதான் தலையைப் பாக்கேன், கண்ணு வலப்பக்கம்."

"தலையையாவது குடுத்தியா?"

"அதுக்குள்ள பூனை தூக்கிட்டுப் போயிட்டு."

"மவகிட்ட சொன்னியாட்டி?"

"எங்கேட்டி சொல்ல? நல்ல ருசின்னு ரெண்டாவதும் சோறு வாங்கித் தின்னா. தின்னுட்டு, 'நாளைக்கும் மறக்காமப் பாரும்மா'ங்கா."