கடல் பக்கத்து இருக்கை

ஜகார்த்தாவிலிருந்து டென்பசாருக்குக் காலை விமானத்தில் போகிறவர்கள் தெற்கே பார்த்த வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்க வேண்டும். ஜாவாவின் எரிமலைகள் அந்தப் பக்கம்தான், மேகத்துக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் வெறும் கடல். டிக்கெட் கடையில் ஒன்பது வருடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். யார் கேட்டாலும் சரியாகச் சொல்வேன். தவறான பக்கத்தில் நான் உட்காரவைத்தது ஒரே ஒருவரை. என் மாமனார் சுகிமான்.

அவர் கிராம்பு சிகரெட் பிடிப்பார். இருமினால் வருவதைக் கைக்கு எட்டிய தேநீர்க் கோப்பையில் துப்புவார். சாப்பிடும்போது கால்விரல் இடுக்கை நோண்டிவிட்டு, அதே கையால் பொதுத் தட்டிலிருந்து சோயா டெம்பே எடுப்பார். மீசையில் முட்டை மஞ்சள் காய்ந்திருக்கும். ஆறு வருடம் அந்தக் கோப்பைகளை நான்தான் கழுவினேன். கோழை முதல் தண்ணீரில் போகாது.

தினமும் தட்டைத் தள்ளிவிட்டு ஒன்று சொல்வார்.

"தர்மினி சட்டி கழுவுன தண்ணிகூட இதவிட ருசியா இருக்கும், பொண்ணு."

தர்மினி அவருடைய மனைவி. அந்த எரிமலைகளில் ஒன்றின் கிழக்குச் சரிவில், சொந்த ஊர் இடுகாட்டில் புதைக்கப்பட்டவள். போன வருடம் மலை வெடித்தது. சாம்பல் ஓடையோடு நின்றுவிட்டது, இடுகாடு தப்பியது என்று ஊர்க்காரர்கள் போனில் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. சரிவு பச்சையாக இருப்பதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்தால் போதும் என்றார். மலையேற நெஞ்சில் பலமில்லை. ஜூனில் அவரை டென்பசாரில் இளைய மகன் வீட்டில் விட முடிவானபோது, அந்த விமானம்தான் அவருக்கு மிஞ்சிய வழி.

"தெக்குப் பக்கம் எடம் போட்டியா?"

"போட்டாச்சுப்பா."

எங்கள் ஜாவா ஆட்கள் இடது, வலது என்று பேசுவதில்லை. உப்பை வடக்கே தள்ளு என்பார்கள். கண்ணைக் கட்டினாலும் அவருக்குத் தெற்கு தெரியும். அன்று நகரும் படிகளும், சுற்றிச் சுற்றிப் போன பேருந்தும் அவரைக் குழப்பிவிட்டன. விமானத்துக்குள் நுழைந்ததும் என் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் ஈரமாக இருந்தன.

"தெச தப்பிப்போச்சு பொண்ணு. தெக்கு எது?"

அவர் என்னை நம்பிக் கேட்ட முதல் கேள்வி அது. இடப்பக்க ஜன்னலைக் காட்டினேன். அதே வரிசையில் வலது ஜன்னலோரம் நான் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடி இருந்தார். பிறகு கூப்பிட்டார். நடுவில் இருந்தவர்களைத் தாண்டிப் போனேன்.

"என்ன பொண்ணு, ஒரே தண்ணியா இருக்கு. மலை எங்க?"

காதருகே குனிந்தேன்.

"இங்கதான்ப்பா இருந்துச்சு. சரிஞ்சு கடலுக்குள்ள போயிருச்சாம். ஒங்க மகன்தான் சொல்ல வேண்டாம்னாரு."

"தர்மினி?"

"எல்லாந்தான்."

அவர் அழவில்லை. பாதி மென்ற ரொட்டியை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். துடைத்துவிட்டேன்.

டென்பசாரில் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சோற்றைத் தொடவில்லை. பதினோராம் நாள் இறந்தார். வயதாகிவிட்டது என்றார் மருத்துவர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எதையும் எதிர்பார்க்காமல் படுத்திருப்பது அந்த வயதில் ஒரு நிம்மதி. அதை அவருக்குக் கொடுத்தேன் என்றே நினைக்கிறேன்.

அவர் கூப்பிடுவதற்குச் சற்று முன்புதான் மலை என் ஜன்னலுக்கு வந்தது. ஓடை வரைக்கும் சாம்பல், இந்தக் கரை முழுக்கப் பச்சை. நன்றாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் ஜன்னல் மறைப்பைக் கீழே இழுத்துவிட்டேன். ஏன் மூடுகிறீர்கள் என்று பணிப்பெண் கேட்டாள். வெயிலில் கண் கூசுகிறது என்றேன்.

ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே; அந்தத் தெற்குப் பக்கம் வெயில் விழுவதில்லை.