வேண்டுவது: நெவிலுக்குத் தெரியும்

மேடையில் வீற்றிருக்கும் மில்டுரா பழங்கணினி ஆர்வலர் சங்கத்தின் தலைவர் அவர்களே, தாயைப் பறிகொடுத்த துக்கத்திலும் காலையிலிருந்து நமக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் ரொவீனா அவர்களே, அடிலெய்டிலிருந்தும் புரோக்கன் ஹில்லிலிருந்தும் விடியுமுன் கிளம்பி வந்திருக்கும் நண்பர்களே, முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கார்மெலோ அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பின்னால் மேசைகளுக்கு அடியில் தலையை விட்டுப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம். கிளறுங்கள், தவறில்லை. இரங்கல் கூட்டத்தை மாற்றுச் சந்தை நாளில்தான் வைக்க வேண்டும், மேசைகளை அகற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவரேதான்.

யார் அவர்? டீக்கின் அவென்யூவில் முப்பத்தோரு ஆண்டுகள் பெண்களுக்கு முடி திருத்திய கலைஞர். பதினேழு ஆண்டுகள் நம் சங்கத்தின் செயலாளர். நாம் எல்லோரும் சேர்ந்து 'வெளுப்பரசி' என்று பட்டம் சூட்டி மகிழ்ந்த கிளெனிஸ் டிரெம்பாத் அவர்கள்!

அவர் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தார்? அவருடைய கடை வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் மேல்கூடு வயதானால் மஞ்சளாகிவிடும். முடியை வெளுக்க வைக்கும் கிரீமை அதன்மேல் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவினால் புதிதாகிவிடும். இதற்காக நானும் கார்மெலோவும் இன்னொரு நண்பரும் அவர் கடைக்குப் போனோம். மூன்று தலையிலும் சேர்த்து ஒரு சீப்புக்கு வேலை கிடையாது. இருப்பதிலேயே கடுமையான கிரீமை டப்பா டப்பாவாகக் கேட்டோம். அவர் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார். "இத எங்கதான் தடவுறீங்க?"

கம்ப்யூட்டருக்கு என்றேன். கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த ஞாயிறு, கடை ஏப்ரனோடு இந்தச் சாரணர் கூடத்துக்கு வந்து நின்றார். அன்று முதல் ஒரு சந்தையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கை ஒடிந்திருந்தபோதும் வந்தார், வலது கையில் கட்டோடு இடது கையால் பேரம் பேசினார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மேசையில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. மேலே 'கொடுப்பது', கீழே 'வேண்டுவது'. அதோ, மூன்றாவது மேசையில், நீல விரிப்பின்மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது என்னுடையது. என்னுடையதாக இருந்தது. எண்பத்து நான்காம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அப்பா வாங்கித் தந்தார். அடியில் காம்பஸ் முனையால் என் பெயரைக் கீறி வைத்திருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக அதைத் திரும்ப வாங்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

எப்படிப் போயிற்று? நானேதான் கொடுத்தேன். அவர் வந்த முதல் ஞாயிறு அது. அந்தக் கம்ப்யூட்டர் உயிரற்றுக் கிடந்தது, போட்டால் கறுப்புத் திரைதான். முடிதிருத்துபவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்து, ஆறு டப்பா கிரீமுக்கு அதை அவர் தலையில் கட்டினேன். கட்டிவிட்டு கார்மெலோவைப் பார்த்துக் கண்ணடித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்ததுதானே?

அவர் வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு சில்லு வருடக்கணக்கில் சூடேறி ஆறியதில் தன் இருக்கையிலிருந்து மேலே கிளம்பியிருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான்! அடுத்த சந்தையில் என் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் பிளந்து நின்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் இன்று நம் சங்கத்தின் முதல் விதி: "மூடியத் திற. அப்புறம் பேசு." அந்த விதி எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது! வென்ட்வொர்த்திலிருந்து வந்த அந்தச் செவிலியை மூன்று ஆண்கள் சூழ்ந்துகொண்டு அவருடைய பெட்டியைப் பறிக்கப் பார்த்தபோது, குறுக்கே புகுந்து ஒவ்வொரு மூடியாகத் திறக்க வைத்தவர் யார்? அந்த மூவரில் இருவர் இங்கே இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

என் கம்ப்யூட்டருக்கு அவர் அட்டை வைத்தார். கொடுப்பது: இது. வேண்டுவது: நெவிலுக்குத் தெரியும்.

அந்த நெவில் நான்தான். பத்தொன்பது ஆண்டுகள் அதே அட்டை! மை மங்கினால் மேலேயே மறுபடி எழுதுவார். புதிதாக வருபவர்கள் என்னிடம் வந்து, அப்படி என்னதான் கேட்கிறார் என்பார்கள். அந்த அம்மாவுக்குக் கிறுக்கு என்று சொல்லிச் சமாளிப்பேன். ஒரு பிரின்டர் கொடுத்தேன். இரண்டு பெட்டி கேசட்டுகள் கொடுத்தேன். ஒருமுறை, மனைவிக்குத் தெரியாமல், எங்கள் மழைநீர்த் தொட்டியையே கொடுக்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, அட்டையை விரலால் தட்டுவார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார்.

"என்ன அது?"

"ஆரஞ்சு."

"ஆரஞ்சுக்கெல்லாம் அதத் தர முடியாது, நெவில்."

"அதுக்கில்ல கிளெனிஸ். சாப்பிடத்தான்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. பிறகு சொன்னார்: "நான் போனாலும் அட்ட அங்கயேதான் இருக்கும். கொறைக்கறதா இல்ல. நீ யாருக்குப் பயப்படற? எனக்கா? எனக்குத்தான் தெரியுமே."

நண்பர்களே, நான் என்ன செய்தேன்? ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

ஆகவே இன்று, இந்த மேடையில், கேட்ட விலையைக் கொடுக்கிறேன். கார்மெலோ, இது உனக்காகவும்தான்.

நம் மாநிலப் பள்ளிகளுக்கென்று நாற்பதே நாற்பது செய்யப்பட்ட 'வாட்டில் இரண்டு' கம்ப்யூட்டர். நமக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது ஒன்று. அது கார்மெலோவிடம் இருந்தது. திராட்சைத் தோட்டத்தில் உழைத்துக் காய்த்த கை, நமக்கு இந்த நுணுக்கமெல்லாம் வராது என்று சொல்லி, நம்பி என்னிடம் கொடுத்தான். டிசம்பர் இருபத்தாறு. நாற்பத்து மூன்று டிகிரி வெயில். கிளெனிஸிடம் வாங்கிய அந்த ஆறு டப்பாவிலிருந்துதான் எடுத்துத் தடவினேன், சுற்றினேன், முற்றத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம்தான் வைக்க வேண்டும். மெல்பர்னில் டெஸ்ட் போட்டி. ஒரே ஒரு ஓவர் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். ஒரு ஓவர் என்றைக்கு ஒரு ஓவரோடு நின்றிருக்கிறது? சோபாவில் சாய்ந்தேன். விழித்தபோது தேநீர் இடைவேளையே முடிந்திருந்தது.

கிரீம் காய்ந்து ஓடாகியிருந்தது. கழுவிப் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளுமாக வரிவரியாக, பேக்கன் இறைச்சித் துண்டு மாதிரி. கார்மெலோவிடம் என்ன சொன்னேன்? "கிளெனிஸ் குடுத்த கிரீம் பழைய சரக்குப்பா," என்றேன். தூங்கியது நான், பழி அவருக்கு!

அடுத்த சந்தையில் அவர் மேசைக்கு ஒருவரும் போகவில்லை. கார்மெலோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிளெனிஸ் அந்தக் கம்ப்யூட்டரின் வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். விசைகளுக்கு நடுவே ஒட்டியிருந்த காய்ந்த கிரீமை நகத்தால் சுரண்டினார். எவ்வளவு நேரம் வெளியே வைத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். "ஒரு மணி நேரமா," என்றார்.

அதற்கடுத்த சந்தையில் என்ன செய்தார்? அதே சரக்கில் மிச்சமிருந்த ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். ஒரு பழைய விசைப்பலகையின் பாதியில் தடவி, இந்தக் கூடத்து வாசலிலேயே வெயிலில் வைத்து, கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். கழுவினால் பாதி மஞ்சள், பாதி பால் வெள்ளை, ஒரு வரி இல்லை. என் பெயரைச் சொன்னாரா? இல்லை. என்னைச் சுட்டிக்காட்டினாரா? அதுவும் இல்லை. அன்று மாலைதான் அந்த அட்டையை எழுதினார். அந்த ஆண்டு முதல் ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் என் வீட்டு வாசலில் ஒரு சமையலறை டைமர் இருக்கும். கடிதம் கிடையாது, டைமர் மட்டும்.

என்ன சிரிக்கிறீர்கள்? நான் இங்கே மனமுருகிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... என்ன கார்மெலோ?

"தெரியும் நெவில். வாசல்ல அவங்க ஒக்காந்த அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும். நீயா சொல்லணும்னு சும்மா இருக்கச் சொன்னாங்க."

எல்லாருக்குமா? ரொவீனா, உங்களுக்கும்? தலைவரே, நீங்களுமா?

சரி, சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். முதுகில் சுமந்ததை இறக்கி வைத்ததுபோல் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டு ஒரு சங்கமே எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படி மூட வைத்த மனுஷியைத்தான் நாம் இழந்து நிற்கிறோம்! என்னை அவமானப்படுத்த அவருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் காத்திருந்தார். எங்கே போய்த் தேடுவோம் அப்படி ஒருவரை?

கிளெனிஸ் டிரெம்பாத் அவர்களே! உங்கள் மேசையை வெறுமையாக விடமாட்டோம். மூடியைத் திறக்காமல் எதையும் கைமாற்றமாட்டோம். நம் தூக்கத்துக்குக் கிரீமைக் குறை சொல்லமாட்டோம். இந்தப் பெட்டியில் பத்தொன்பது டைமர்கள் இருக்கின்றன. புதிதாகச் சேரும் பத்தொன்பது பேருக்கு ஆளுக்கொன்று. இது உறுதி.

இதோ, மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டேன். அட்டையை எடுத்துக்கொள்கிறேன். இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ரொவீனா அனுமதிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இப்போது என்னுடையது. அப்பா வாங்கித் தந்தது, அடியில் என் பெயர் இன்னும் இருக்கிறது.

கார்மெலோ, எழுந்து வா. உன்னுடையதை நான் பாழாக்கினேன். என்னுடையதை நீ எடுத்துக்கொள். பதிலுக்கு ஒன்றும் வேண்டாம். என்னப்பா, கையை நீட்டாமல் நிற்கிறாய்?

"மூடியத் திற. அப்புறம் பேசு."

அதுவும் சரிதான். யாரிடமாவது ஒரு திருப்புளி இருக்கிறதா? அடேயப்பா! மெல்ல, மெல்ல. எல்லோரும் ஏன் நீட்டுகிறீர்கள்? எனக்கு ஒன்று போதும்.